குற்றவாளி கவுன்ட்டருக்கு வருவதே இல்லையா? - அமெரிக்காவின் துப்பாக்கிச் சோதனையும் அதன் பின்வாசல்களும்

2018 அக்டோபர். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. ரிவால்வர் வாங்க வந்தவரிடம் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவரா, அதற்கு அடிமையானவரா என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று டிக் அடிக்கிறார். அவர் பெயரை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கிறார்கள். தடை எதுவும் இல்லை. துப்பாக்கி கைக்கு வந்துவிடுகிறது.

வாங்கியவர் ஹன்டர் பைடன். பிறகு அதிபரான ஜோ பைடனின் மகன். அந்த வருடங்களில் கொக்கைன் பழக்கத்தில் மூழ்கிக் கிடந்ததை அவரே தன் சுயசரிதையில் எழுதினார். படிவத்தில் பொய் சொன்ன வழக்கில் 2024 ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. அதே வருடம் டிசம்பரில் அப்பாவே மன்னிப்பு வழங்கினார். அந்த அரசியல் சண்டையை விட்டுவிடுவோம். நாம் பார்க்க வேண்டியது கடையில் நடந்த அந்தச் சில நிமிடங்களை. கம்ப்யூட்டருக்கு அவர் யார் என்று தெரியாது. அவரைப் பற்றி யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் மட்டுமே தெரியும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இரண்டு குரல்கள் கேட்கும். ‘பின்னணிச் சோதனையைக் கடுமையாக்குங்கள்’ என்பது ஒன்று. ‘குற்றவாளி என்ன கடைக்குப் போய் படிவம் நிரப்பியா வாங்குறான்? சட்டம் நல்லவனைத்தான் கட்டிப்போடும்’ என்பது இன்னொன்று. இரண்டாவது வாதத்தைக் கேட்டால் சரியாகத்தான் படும். பாதி உண்மையும்கூட. அந்தப் பாதி எது என்று பார்த்தால் மொத்தக் கதையும் புரியும்.

அந்தச் சோதனையில் என்னதான் நடக்கிறது?

யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற பட்டியல் 1968-ம் ஆண்டு சட்டத்திலிருந்து வருகிறது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், தலைமறைவுக் குற்றவாளிகள், போதைப் பழக்கம் உள்ளவர்கள், மனநலக் காரணங்களுக்காக நீதிமன்றம் தகுதியற்றவர் என அறிவித்தவர்கள் என்று போகும் அந்தப் பட்டியல். பிறகு குடும்ப வன்முறை வழக்குகளும் சேர்ந்தன. ஆனால் பட்டியல் இருந்ததே தவிர, சரிபார்க்க ஆள் இல்லை. கால் நூற்றாண்டுக்கு நாடு தழுவிய ஏற்பாடு என்பது, ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று வாங்குபவர் தானே எழுதிக் கொடுக்கும் காகிதம்தான்.

1981-ல் அதிபர் ரீகனைக் கொல்ல முயன்றவர், டல்லாஸில் ஒரு அடகுக்கடையில் வாங்கிய ரிவால்வரோடு வந்தார். அந்தச் சூட்டில் வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். மீதி வாழ்க்கை சக்கர நாற்காலியில். அவரும் மனைவி சாராவும் வருடக்கணக்கில் போராடியதில், 1993 நவம்பரில் கிளின்டன் கையெழுத்திட்டு பிரேடி சட்டம் வந்தது. முதலில் கைத்துப்பாக்கிக்கு ஐந்து நாள் காத்திருப்பு. 1998 நவம்பரில் ‘நிக்ஸ்’ என்ற எஃப்.பி.ஐ-யின் உடனடிச் சோதனை முறை அதன் இடத்தைப் பிடித்தது.

வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புவார். கடைக்காரர் விவரத்தை அனுப்புவார். மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகரில் இருக்கும் மையம் தேசியக் குற்றப் பதிவுகளில் தேடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: ‘கொடுக்கலாம்’, ‘கொடுக்கக் கூடாது’, ‘பொறுங்கள்’. இந்த மூன்றாவது பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வருடமான 2020-ல் மட்டும் ஏறத்தாழ 4 கோடி சோதனைகள் நடந்தன. 1998 முதல் எஃப்.பி.ஐ ‘கூடாது’ என்று திருப்பி அனுப்பியவை 20 லட்சத்துக்கும் மேல். ஆக, தகுதியில்லாதவர்களும் கவுன்ட்டருக்கு வந்து வரிசையில் நிற்கத்தான் செய்கிறார்கள். ‘குற்றவாளி கடைக்கே வர மாட்டான்’ என்பது இங்கேயே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்து என்ன செய்கிறார்? படிவத்தில் பொய் சொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2017 நிதியாண்டில் நிக்ஸ் சுமார் 1,12,000 விற்பனைகளை மறுத்தது. அவற்றில் சுமார் 12,700 விசாரணைக்குப் போயின. மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுத்தது எத்தனை பேர் மீது தெரியுமா? 12. ஆயிரம் விட்டுப்போகவில்லை, வெறும் பன்னிரண்டுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே சொன்ன கணக்கு இது. மறுக்கப்பட்டவர்களில் பழைய வழக்கு மறந்துபோனவர்கள், பெயர்க் குழப்பத்தில் மாட்டியவர்கள் உண்டு, ஒத்துக்கொள்ளலாம். மற்றவர்கள்? கடையை விட்டு வெளியே வந்து, வேறு வழி இருக்கிறதா என்று போனைப் பார்க்க அவர்களைத் தடுப்பது எதுவும் இல்லை. மறுக்கப்பட்ட தகவலை உள்ளூர் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டமே 2022-ல்தான் வந்தது.

சிறையில் இருப்பவர்களிடமே கேட்டபோது...

2016-ல் அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு, சிறைக் கைதிகளிடம் நேரடியாகவே கேட்டது. குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதை எங்கே வாங்கினார்கள்?

43 சதவிகிதம் பேர் தெருவில், கள்ளச்சந்தையில். சுமார் 25 சதவிகிதம் பேர் குடும்பத்தினர், நண்பர்களிடமிருந்து அல்லது பரிசாக. திருடியவர்கள் 6 சதவிகிதம். கடை போன்ற சில்லறை விற்பனை இடங்களில் வாங்கியது 10 சதவிகிதம். லைசென்ஸ் உள்ள டீலரிடம் சொந்தப் பெயரிலேயே வாங்கியவர்கள் 7 சதவிகிதம். ‘கன் ஷோ’ என்ற துப்பாக்கிச் சந்தைகள் பற்றி டிவி விவாதங்களில் அவ்வளவு சத்தம் கேட்கும் அல்லவா? அங்கே வாங்கியவர்கள் 1 சதவிகிதம்கூட இல்லை.

துப்பாக்கி ஆதரவாளர்கள் எப்போதும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ‘பார்த்தீங்களா, பத்தில் ஒருத்தன்தான் கடைக்குப் போறான்’. ஆனால் இதே எண்ணைத் திருப்பியும் படிக்கலாம். கடைவாசலில் சோதனை இருப்பதால்தானே அவர்கள் தெருவுக்குப் போகிறார்கள்? பூட்டிய வீட்டில் திருடன் முன்வாசல் வழியாக வரவில்லை என்றால், பூட்டு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னும் சுவாரஸ்யமானது சிகாகோ. 2015-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, குக் கவுன்ட்டி சிறையில் 99 கைதிகளிடம் பேசினார்கள். கள்ளச்சந்தை என்றால் சினிமாவில் வருவது மாதிரி இருட்டுச் சந்து, பிரீஃப்கேஸ் நிறையத் துப்பாக்கி என்று நாம் நினைப்போம். அவர்கள் சொன்னது வேறு. தெரியாத ஆளிடம் வாங்க முடியாது. அவன் போலீஸாக இருக்கலாம். தெரியாத ஆளின் துப்பாக்கியால் ஏற்கெனவே கொலை நடந்திருக்கலாம்; அது நம் தலையில் விழும். அதனால் உறவுக்காரன், பழைய நண்பன், கூட்டாளி என நம்பிக்கையான வட்டத்தில்தான் கைமாறுகிறது. எல்லோருக்கும் அப்படிப்பட்ட தொடர்பு இருப்பதில்லை. துப்பாக்கியை ரொம்ப நாள் கையில் வைத்துக்கொள்ளவும் பயம்.

கவனியுங்கள், சட்டத்தை மதிக்காதவனையும் சட்டம் பயமுறுத்துகிறது. கள்ளத் துப்பாக்கி வாங்குவது கடையில் செருப்பு வாங்குவது மாதிரி சுலபமான காரியம் இல்லை. விலை, அலைச்சல், மாட்டிக்கொள்ளும் ஆபத்து எல்லாம் ஏறுகிறது. அந்தக் கஷ்டம் ஏறுவதுதான் சட்டத்தின் வேலை. முழுமையாகத் தடுப்பதா இல்லையா என்று மட்டும் கேட்டால் இது கண்ணில் படாது.

தெருத் துப்பாக்கி எங்கே பிறக்கிறது?

தெருவில் விற்கும் துப்பாக்கி தெருவில் முளைத்தது இல்லை. பெரும்பாலானவை ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு லைசென்ஸ் கடையின் கவுன்ட்டரில் முறையாக விற்கப்பட்டவை. அங்கிருந்து எப்படி வெளியே வருகின்றன?

முதல் வழி பினாமி. தனக்குத் தண்டனைப் பதிவு இருக்கிறது, அதனால் காதலியை, தம்பியை, பணம் கொடுத்து ஒரு நண்பனை அனுப்பி வாங்கச் சொல்வது. நம்ம ஊர் பினாமி நிலம் மாதிரிதான். சோதனை பினாமியின் பெயரில் நடக்கும். அவர் பெயர் சுத்தமாக இருக்கும். இதைத் தனிக் குற்றமாக்கும் மத்திய சட்டம் 2022 ஜூனில்தான் வந்தது. அதுவரை படிவத்தில் பொய் சொன்னதாகத்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி தனிநபர் விற்பனை. மத்திய சட்டப்படி சோதனை செய்யும் கடமை லைசென்ஸ் உள்ள வியாபாரிக்கு மட்டுமே. பழைய துப்பாக்கியை இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்கும் சாதாரண ஆளுக்கு அந்தக் கடமை கிடையாது. சில மாநிலங்கள் தாமாகவே எல்லா விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன; மற்றவற்றில் இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவிகிதம் பேர் எந்தச் சோதனையும் இல்லாமல் பெற்றிருக்கிறார்கள். இணையம் வழியாகவும் கன் ஷோக்களிலும் நடக்கும் விற்பனைக்கு இந்த ஓட்டையை அடைக்க, சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2013-ல் செனட்டில் ஒரு மசோதா வந்தது. 54 பேர் ஆதரித்தார்கள். 60 தேவைப்பட்டது. முடிந்தது கதை.

மூன்றாவதாக, மாநில எல்லை. ‘சிகாகோவில்தான் கடுமையான சட்டம், அங்கேதான் அதிகக் கொலை’ என்பது வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்ட வாதம். 2017-ல் சிகாகோ நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளில் சுமார் 60 சதவிகிதம் வெளி மாநிலத்தில் வாங்கப்பட்டவை. பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து மட்டும் ஐந்தில் ஒன்று. சிகாகோவின் தெற்கு எல்லையிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் இண்டியானா. வீட்டு ஓனர் கதவைப் பூட்டுகிறார், சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது!

கடைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. 1998-ம் ஆண்டுத் தரவை வைத்து, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப் அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. செயல்பாட்டில் இருந்த டீலர்களிடம் போய்ச் சேர்ந்த குற்றத் துப்பாக்கித் தடயங்களில் 57 சதிவிகிதத்துக்குப் பின்னால் இருந்தது வெறும் 1.2 சதவிகித டீலர்கள். பெரும்பாலான கடைகளில் பிரச்சினையே இல்லை. ஒரு சில இடங்களில்தான் கசிவு.

அந்தக் கசிவை கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. சட்டமே விடாது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை உருவாக்குவதை 1986-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘கொடுக்கலாம்’ என்று சொன்ன சோதனையில் வாங்குபவரின் அடையாள விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் தடயவியல் மையத்தில், மூடப்பட்ட கடைகளின் விற்பனைப் பதிவுகள் பெட்டி பெட்டியாக வந்து குவிகின்றன. அவற்றை ஸ்கேன் செய்யலாம். ஆனால் பெயரைத் தட்டித் தேடும் வசதி இருக்கக் கூடாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். ஃபுட் டெலிவரி பையன் எந்தத் தெருவில் திரும்புகிறான் என்று லைவாகப் பார்க்கும் காலத்தில் இது!

பதிவே போய்ச் சேராதபோது

இதுவரை சொன்னது சோதனையைச் சுற்றிப் போகும் வழிகள். என்னைப் பொறுத்தவரை அதைவிட வேதனையானது வேறொன்று: தடுக்கப்பட வேண்டியவர் கவுன்ட்டருக்கே வந்தார், சோதனையும் நடந்தது, ஆனாலும் துப்பாக்கி கைக்குப் போனது.

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர், வகுப்பறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். நம்ம ஈரோடு மாவட்டம் கோபிச்செட்டிபாளையம் பகுதியைச் சேர்ந்தவர். கோவை பி.எஸ்.ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். சுட்ட மாணவர், மனநோயால் தனக்குத் தானே ஆபத்தை விளைவித்துக்கொள்ளக்கூடியவர் என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மத்திய சட்டப்படி அவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் அவரை மருத்துவமனையில் சேர்க்காமல், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறத்தான் உத்தரவு. வர்ஜீனியா மாநிலம் உள்நோயாளிகளின் விவரத்தை மட்டுமே அனுப்பிவந்தது. அதனால் கம்ப்யூட்டரில் அவர் பெயர் இல்லை. இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினார், இரண்டு முறையும் பாஸ். மாநிலங்கள் பதிவுகளை அனுப்ப ஊக்கம் தரும் சட்டம் 2008 ஜனவரியில் வந்தது.

2015, சார்ல்ஸ்டன். கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்த 9 பேரைச் சுட்டுக் கொன்றவர் துப்பாக்கி வாங்கப் போனபோது, நிக்ஸ் ‘பொறுங்கள்’ என்றது. அவர் மீது போதைப்பொருள் வழக்கு இருந்தது. விவரம் கேட்க எஃப்.பி.ஐ ஊழியர் தொடர்புகொண்டது தவறான போலீஸ் அலுவலகத்தை. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது சட்டம். விற்றார். அவருக்கு அந்தத் துப்பாக்கி கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி வெளிப்படையாகவே சொன்னார். இந்தக் கெடுவை நீட்டும் மசோதா 2019-லும் 2021-லும் கீழவையில் நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை.

2017 நவம்பர், டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ். மீண்டும் ஒரு தேவாலயம். கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர். சுட்டவர் முன்னாள் விமானப்படை வீரர். மனைவியையும் அவருடைய சின்னக் குழந்தையையும் தாக்கியதற்காக ராணுவ நீதிமன்றத்தில் 2012-ல் தண்டனை பெற்றவர். அந்தத் தகவலை விமானப்படை எஃப்.பி.ஐ-க்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டிய ஒரே ஒரு பதிவு. 2021-ல் ஒரு மத்திய நீதிபதி, இந்தப் படுகொலைக்கான பொறுப்பில் 60 சதவிகிதம் விமானப்படைக்கு என்று தீர்ப்பளித்தார். 2023-ல் அரசு 144.5 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டது.

இல்லினாயின் அரோரா நகரத்தில் நடந்தது இன்னொரு ரகம். 1995-ல் மிசிசிப்பியில் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், 2014-ல் இல்லினாயில் துப்பாக்கி உரிமை அட்டை வாங்கி, துப்பாக்கியும் வாங்கிவிட்டார். பிறகு, அதை உடலில் மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸுக்கு விண்ணப்பித்து கைரேகை கொடுத்தார். பெயரில் சிக்காதவர் கைரேகையில் சிக்கினார். அட்டை ரத்து. ‘துப்பாக்கியை ஒப்படைக்கவும்’ என்று கடிதம் போனது. அவ்வளவுதான், கடிதம் மட்டும். யாரும் போய் வாங்கவில்லை. 2019 பிப்ரவரியில் அதே துப்பாக்கியால் தன்னோடு வேலை பார்த்த 5 பேரைக் கொன்றார்.

எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாதவர்களும் உண்டு. 2022-ல் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவர், 18 வயது நிறைந்த சில நாட்களில் சட்டப்படியே துப்பாக்கி வாங்கினார். குற்றப் பதிவு இல்லாதவரைக் குற்றப் பதிவேடு எப்படிப் பிடிக்கும்? 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் சிறார் பதிவுகளையும் பார்க்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வந்தது.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

நேர்மையாகச் சொன்னால், ‘சோதனை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பெண் சுமார்தான். பிரேடி சட்டத்தால் புதிதாகச் சோதனை வந்த மாநிலங்களையும், ஏற்கெனவே சோதனை இருந்த மாநிலங்களையும் ஒப்பிட்டு 2000-ம் ஆண்டில் ஜென்ஸ் லுட்விக், ஃபிலிப் குக் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கொலை விகிதத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 55 வயதைத் தாண்டியவர்களின் துப்பாக்கித் தற்கொலை குறைந்திருந்தது. கலிஃபோர்னியா 1991-ல் தனிநபர் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. அடுத்த பத்து வருடங்களை ஆராய்ந்தவர்களுக்கும் துப்பாக்கிக் கொலையில் குறைவு தென்படவில்லை.

ஆனால் கனெக்டிகட் 1995-ல் வேறு மாதிரி செய்தது. கைத்துப்பாக்கி வாங்கும் முன்பே லைசென்ஸ் எடுக்க வேண்டும். கைரேகை, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. பத்து ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 40 சதவிகிதம் குறைந்ததாக 2015 ஆய்வு மதிப்பிட்டது. மிசூரியில் தலைகீழ். அங்கே இருந்த அனுமதி முறையை 2007-ல் தூக்கிவிட்டார்கள். துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழ கால்வாசி கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. ஒரு மாநிலத்தை மட்டும் வைத்துச் செய்யும் மதிப்பீடுகளில் எண் ஏறி இறங்கும் என்று விமர்சகர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எண்ணை விட்டுவிட்டு திசையைப் பாருங்கள்: இரண்டும் ஒரே பக்கம் காட்டுகின்றன.

வெறும் சோதனைக்கும் லைசென்ஸுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? போலீஸிடமோ அரசு அலுவலகத்திலோ நேரில் போய் கைரேகை வைக்க வேண்டும் என்றால், பினாமியாக வர யோசிப்பார்கள். வாரக்கணக்கில் அவகாசம் இருந்தால் சார்ல்ஸ்டனில் நடந்த மாதிரித் தவறைத் திருத்த நேரம் கிடைக்கும். கைரேகை இருந்தால் அரோராவில் முதலிலேயே சிக்கியிருப்பார். தனியாக விற்பவரும் ‘லைசென்ஸைக் காட்டு’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நமக்கு இது புதிதில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே முதலில் விண்ணப்பம், பிறகு போலீஸ் விசாரணை அறிக்கை, அதன் பிறகே லைசென்ஸ், கடைசியில்தான் கடை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடைதான் முதல் படி.

இதற்கிடையே கவுன்ட்டரையே தேவையில்லாமல் செய்துவிட்டது ‘கோஸ்ட் கன்’. பாகங்களை கிட்டாக ஆர்டர் செய்து வீட்டிலேயே பொருத்துவது. சீரியல் எண் இல்லை, சோதனை இல்லை. தடயம் தேட போலீஸ் அனுப்பிய இப்படிப்பட்ட துப்பாக்கிகள் 2017-ல் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல். இந்த கிட்களுக்கும் சீரியல் எண், சோதனை கட்டாயம் என்ற விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என உறுதிசெய்தது.

லைசென்ஸ் முறைக்கும் நீதிமன்றத்தில்தான் சண்டை. ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமை என்பதால், ‘உரிமைக்கு எதற்கு முன் அனுமதி?’ என்று கேட்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடை உத்தரவு இருப்பவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 எனச் சொன்னது. மேரிலாந்தின் கைத்துப்பாக்கி லைசென்ஸ் சட்டம் கைரேகை, நான்கு மணி நேரப் பயிற்சி, 30 நாள் வரை காத்திருப்பு என எல்லாம் கேட்கிறது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. மேரிலாந்தில் சட்டம் இப்போதும் நடைமுறையில் இருக்கிறது.